ஹாம்லெட் பேசாத முதல் வரி

எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றைத் திறந்து, அதன் கிளைகளுக்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்டை நடக்கவிட்டுப் பார்ப்பதில் எனக்குத் தீராத ருசி. நண்பர்கள் சிரிப்பார்கள். அதெல்லாம் பழைய சரக்கு, இப்போது எல்லாம் ஜேசன்தான் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் அன்றாடம் திறக்கும் வேர்ட் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது எக்ஸ்எம்எல். மின்னூலுக்கான ஈபப்பும், இணையத்தில் படமாகத் தெரியும் எஸ்விஜியும் அதே வம்சம்தான். சரக்கு பழையதா புதியதா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஒரு ஸ்கிரிப்ட் மரத்தைச் சுற்றி வரும் விதத்தைப் பார்த்தாலே, எழுதியவர் அந்த ஆவணத்தைப் படித்துவிட்டு எழுதினாரா, படிக்காமலே எழுதினாரா என்று சொல்லிவிடலாம். அந்த வித்தியாசத்தை ரசிக்க என்னிடம் ஓர் உரைகல் இருக்கிறது: ஹாம்லெட்.

ஜான் போசக் டேக் போட்ட ஹாம்லெட்டைச் சொல்கிறேன். எக்ஸ்எம்எல்லை உருவாக்கிய பணிக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் போசக். அப்போது சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தார். 1986-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த எஸ்ஜிஎம்எல் கனத்த உடம்புக்காரன். அதை இளைக்க வைத்து இணையத்துக்கு ஏற்றபடி ஆக்குவதுதான் குழுவின் வேலை. 1998 பிப்ரவரி 10 அன்று எக்ஸ்எம்எல் 1.0 வெளியானது. போசக்கின் ஷேக்ஸ்பியரோ அதற்கும் மூத்தது. கோப்பின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்: நாடகப் பாடத்தை 1992-இல் மோபி லெக்ஸிகல் டூல்ஸ் பொதுச் சொத்தாக விட்டது, எஸ்ஜிஎம்எல் டேகுகள் 1992 முதல் 1994 வரை போட்டவை, எக்ஸ்எம்எல் வடிவம் 1996 முதல் 1999 வரை. அதாவது தரம் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே அதற்கான துணி தைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பின்னால் வந்த எத்தனையோ பார்சர்களுக்கும் பாடப் புத்தகங்களுக்கும் இந்த நாடகங்கள்தான் சோதனைச்சாலை.

அமைப்பு மிகவும் எளிமை. உச்சியில் 'பிளே'. அதற்குள் தலைப்பு, முகப்பு, பாத்திரப் பட்டியல், அப்புறம் ஐந்து 'ஆக்ட்'. ஆக்டுக்குள் 'சீன்', சீனுக்குள் 'ஸ்பீச்'. ஸ்பீச்சுக்குள் பேசுகிறவர் பெயருக்கு 'ஸ்பீக்கர்', பேசும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு 'லைன்'. மேடைக் குறிப்புக்கு 'ஸ்டேஜ்டிர்'. எல்லா டேகும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் கத்திக்கொண்டிருக்கும். உச்சியிலிருந்து இறங்கினால் மொத்தம் ஆறே படி: பிளே, ஆக்ட், சீன், ஸ்பீச், லைன், சில லைனுக்குள் மட்டும் ஒரு ஸ்டேஜ்டிர். ஆழம் அவ்வளவுதான், அகலமோ ஆயிரக்கணக்கில். மனிதர்கள் எழுதும் ஆவணங்கள் பெரும்பாலும் இந்த வாகுதான். பைத்தானில் ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே ஆயிரம் தடவைக்கு மேல் கூப்பிட்டால் மூச்சு முட்டி நின்றுவிடும் என்று ரிகர்ஷனைக் கண்டு மிரளுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆறு படி இறங்க ஆயிரம் எதற்கு?

முதலில் எல்லோரும் எழுதுவது அடுக்கு லூப். ஒவ்வொரு ஆக்டுக்கும் ஒரு ஃபார், அதற்குள் ஒவ்வொரு சீனுக்கும் ஒரு ஃபார், அதற்குள் ஸ்பீச், அதற்குள் லைன். படிக்க இதமாகவே இருக்கும். 2004-இல் பிஎச்பி 5 கொண்டுவந்த சிம்பிள்எக்ஸ்எம்எல்லில் இதை எழுதிப் பார்த்தால், ஆவணத்தில் உள்ள பெயர்களே அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோடைப் படிக்கிறோமா, நாடகத்தின் பொருளடக்கத்தைப் படிக்கிறோமா என்று ஒரு கணம் தோன்றும். ஆனால் இந்த அழகு, ஆவணம் நாம் நினைத்த ஒழுங்கில் இருக்கும்வரைதான். போசக்கின் அமைப்பு விதிப்படி ஆக்டுக்குள் சீனுக்கு முன்னால் ஒரு 'புரோலாக்' வரலாம். முடிவில் 'எபிலாக்' வரலாம். ஹாம்லெட்டில் சொன்னபடி ஓடிய அடுக்கு லூப்பை 'ஐந்தாம் ஹென்றி'யில் விட்டால், ஒவ்வொரு அங்கத்தின் முன்னாலும் வந்து பேசும் கோரஸைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். எர்ரர் வந்தாலாவது தெரியும். வராது. வெளியீடு சுத்தமாக, நம்பும்படியாக, கோரஸ் இல்லாமல் வந்து நிற்கும்.

அடுக்கைக் கலைத்துவிட்டு ரிகர்ஷனுக்கு வந்தால்தான் மரத்தில் நடக்கிற சுகம் தெரிகிறது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 2008-இல் வெளியிட்ட 'ஜாவாஸ்கிரிப்ட்: தி குட் பார்ட்ஸ்' புத்தகத்தில் மரத்தைச் சுற்றிவரும் ஒரு குட்டி ஃபங்ஷன் உண்டு. ஒரு நோடைக் கொடுத்தால், முதலில் அதன்மேல் செய்ய வேண்டியதைச் செய்யும். பிறகு அதன் முதல் பிள்ளையிடம் போகும். பிள்ளை இருக்கிற வரைக்கும் அதற்கும் இதே மரியாதை. முடிந்ததும் அடுத்த பிள்ளை. அவ்வளவுதான், நாலைந்து வரிக்குள் அடங்கிவிடும். அதில் எனக்குப் பிடித்தது எண்களே இல்லாதது. பூஜ்யத்தில் தொடங்கும் கவுண்டர் இல்லை. பட்டியலின் நீளம் எவ்வளவு என்ற விசாரணை இல்லை. ஒன்றைக் கூட்டுவதா கழிப்பதா என்ற நித்தியக் குழப்பம் இல்லை. புரோலாக் வந்தாலும் சரி, எபிலாக் வந்தாலும் சரி, அது பாட்டுக்கு உள்ளே போய்விட்டு வரும்.

இந்த நாலைந்து வரிக்குள்ளேயே ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. வேலையை எங்கே செய்வது? பிள்ளைகளைப் பார்ப்பதற்கு முன்னாலா, பார்த்த பிறகா? முன்னால் செய்தால் நாடகம் அச்சில் வரும் வரிசை கிடைக்கும்: தலைப்பு, பேசுகிறவர், அடி. பின்னால் செய்தால் கூட்டிக் கழிக்கிற வேலைக்கு ஆகும்: ஒரு காட்சியில் மொத்தம் எத்தனை அடி என்று சொல்ல வேண்டுமென்றால், அதன் ஸ்பீச்சுகள் ஒவ்வொன்றும் தன் கணக்கை முதலில் ஒப்படைத்திருக்க வேண்டுமே. ஒரே ஒரு வரியை லூப்புக்கு மேலிருந்து கீழே இறக்கி வைத்தால் புரோகிராமின் குணமே மாறிவிடுகிறது. சில வேலைக்கு இரண்டும் வேண்டும். மரத்தைத் திரும்ப எழுத்தாக்கிக் கோப்பில் எழுதும் வேலை அப்படிப்பட்டது: நுழையும்போது டேகைத் திற, வெளியே வரும்போது மூடு, நடுவில் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தை ஆடிக்கொள்ளட்டும்.

இனி உரைகல்லுக்கு வருவோம். முதல் அங்கம், இரண்டாம் காட்சி, அரசவை. கிளாடியஸ் நீட்டி முழக்கிப் பேசுகிறான், தூதர்களை அனுப்புகிறான், லேயர்ட்டீஸுக்கு விடை கொடுக்கிறான். அதற்கப்புறம்தான், செத்துப்போன சகோதரனின் மகனும் இப்போது தன் மனைவியின் மகனுமான ஹாம்லெட் பக்கம் திரும்புகிறான். நாடகத்தில் ஹாம்லெட் வாய் திறக்கும் முதல் தருணம் அது. ஒரே ஓர் அடி. அதுவும் சபைக்குக் கேட்காமல் தனக்குள் சொல்லிக்கொள்வது. அதனால் போசக்கின் கோப்பில் அந்த லைன் திறந்த உடனே, வசனத்துக்கு முன்னால், ஒரு ஸ்டேஜ்டிர் வருகிறது. அதற்குள் 'அசைட்' என்ற ஒற்றைச் சொல். ஸ்டேஜ்டிர் மூடிய பிறகு வசனம். அப்புறம் லைன் மூடுகிறது.

இதைப் பைத்தானின் எலிமென்ட்ட்ரீயில் படிக்கிறோம். ஒவ்வொரு லைனையும் எடு, அதன் டெக்ஸ்டை அச்சிடு. யாரும் முதலில் எழுதுவது இதுதான். ஆயிரக்கணக்கான அடிகள் பிசகில்லாமல் வரிசையாக வரும். ஹாம்லெட்டின் முதல் வரி இருக்க வேண்டிய இடத்திலோ 'நன்' என்று வந்து நிற்கும். ஒன்றுமில்லை என்பதற்குப் பைத்தான் வைத்திருக்கும் பெயர். என்ன ஆயிற்று? எலிமென்ட்ட்ரீயில் எழுத்துக்கென்று தனி நோடு கிடையாது. ஒரு எலிமென்டின் டெக்ஸ்ட் என்பது, அது திறந்த இடத்திலிருந்து அதன் முதல் பிள்ளை வரைக்கும் உள்ள எழுத்து மட்டும். பிள்ளை மூடிய பிறகு வரும் எழுத்து, பெற்றவளுக்குச் சேராமல் அந்தப் பிள்ளையின் கணக்கில் 'டெயில்' என்று சேர்ந்துவிடும். டென்மார்க் இளவரசனின் முதல் வசனம் லைனுக்குச் சொந்தமில்லை. மேடைக் குறிப்பின் வாலில் தொங்குகிறது.

விஷயம் தெரிந்ததும் 'இட்டர்டெக்ஸ்ட்' போடுவார்கள். உள்ளே எத்தனை ஆழத்தில் இருந்தாலும் எல்லா எழுத்தையும் வரிசையாகக் கொண்டுவந்து கொட்டும் கருவி அது. வசனம் கிடைத்துவிடும். கூடவே மேடைக் குறிப்பும் கிடைத்துவிடும். இப்போது ஹாம்லெட் அரசவை நடுவில் நின்று 'அசைட்' என்று முழங்கிவிட்டு ரகசியம் பேசத் தொடங்குகிறான். சரி, மேடைக் குறிப்பை முதலிலேயே லைனிலிருந்து நீக்கிவிடுவோம் என்று 'ரிமூவ்' போட்டால் போயே போச்சு. பிள்ளையை வெளியே அனுப்பினால் வாலும் கூடவே போகும். முதல் தடவை வசனம் கண்ணில் படாமல் இருந்தது. இந்தத் தடவை மரத்திலேயே இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லைனின் டெக்ஸ்டை எடுத்துக்கொள். அது நன்னாக இருந்தால் வெற்று எழுத்தாகக் கொள். பிறகு பிள்ளை பிள்ளையாகப் போ. எந்தப் பிள்ளைக்குள்ளும் நுழையாதே. ஒவ்வொன்றின் வாலை மட்டும் எடுத்து ஒட்டு. இரண்டே வரி. அந்த இரண்டு வரியை முன்பின் தெரியாத ஒருவரின் கோடில் பார்த்தால்கூட எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிடும். கோப்பை எடிட்டரில் திறந்து, கண்ணால் பார்த்து, எழுத்தும் டேகும் எங்கே கலக்கின்றன என்று தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார்.

அதே காட்சியில், ஹாம்லெட்டுக்குச் சற்று முன்னால், நார்வேக்குத் தூது போகிற கார்னீலியஸும் வால்டிமண்டும் ஒரே குரலில் ஒரு வரி சொல்கிறார்கள். ஒரு ஸ்பீச்சுக்குள் இரண்டு ஸ்பீக்கர். பேசுகிறவர் யார் என்று 'ஃபைண்ட்' போட்டால் முதலாமவர் மட்டும் கிடைப்பார். மற்றவர் அரசனுக்குக் கீழ்ப்படிவதாகச் சொன்னதற்குச் சாட்சியே இருக்காது. 'ஃபைண்ட்ஆல்' போட வேண்டும். போசக்கின் அமைப்பு விதியில் ஸ்பீக்கர் என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது. ஒன்று, அல்லது ஒன்றுக்கு மேல் என்று அர்த்தம். அந்தக் குறியைப் பார்த்தவர் கை தானாக ஃபைண்ட்ஆல் எழுதும்.

இதையெல்லாம் வைத்து எலிமென்ட்ட்ரீயைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரெட்ரிக் லுண்ட் உருவாக்கியது அது. 2006-இல் பைத்தான் 2.5 வந்தபோது மொழியோடேயே சேர்த்துக் கொடுத்தார்கள். 2021-இல் அவர் மறைந்தார். அவர் செய்தது துணிச்சலான கழித்தல். எழுத்து நோடு வேண்டாம் என்று தூக்கிப் போட்டார். எலிமென்ட் என்பது ஒரு லிஸ்ட். பிள்ளைகளைப் பார்க்கச் சாதாரண ஃபார் போதும். அதன் பண்புகள் ஒரு டிக்‌ஷனரி. பைத்தான் தெரிந்தவர் புதிதாகப் படிக்க ஒன்றுமே இல்லை. விலைப்பட்டியல், சம்பளக் கணக்கு, புரோகிராமின் செட்டிங்ஸ் என்று எழுத்தும் டேகும் கலக்காத ஆவணங்களுக்கு இதைவிடச் சுகமான கருவியை நான் பார்த்ததில்லை. நாடகம், சட்டம், கட்டுரை என்று வரும்போதுதான் வால் காலைச் சுற்றும். அந்த எளிமைக்குக் கொடுத்த விலை நியாயம்தான் என்பது என் கட்சி. எனக்கு மனத்தாங்கல் வேறோர் இடத்தில். பிள்ளை இல்லாத எலிமென்ட், காலி லிஸ்டைப் போலவே, இஃப் என்று கேட்டால் 'இல்லை' என்று பதில் சொல்லும். ஸ்பீக்கரைத் தேடி, கிடைத்ததை அப்படியே இஃபுக்குள் போட்டால், கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சாதிக்கும். பைத்தான் 3.12 முதல் இதற்கு ஓர் எச்சரிக்கை வருகிறது. காலம் கடந்த ஞானோதயம்.

டபிள்யூ-த்ரீ-சி 1998 அக்டோபரில் வெளியிட்ட டாம் என்ற ஆவண மாதிரி எலிமென்ட்ட்ரீக்கு நேர் எதிர்க்கட்சி. அங்கே எல்லாமே நோடு. எலிமென்டுக்கு எண் 1, எழுத்துக்கு 3, கமெண்டுக்கு 8, முழு ஆவணத்துக்கு 9. ஹாம்லெட்டின் முதல் வரி இங்கே தொலைய வழியில்லை: லைனுக்கு இரண்டு பிள்ளைகள், ஒன்று ஸ்டேஜ்டிர், மற்றது எழுத்து. 3 என்ற எண் உள்ளதைப் பொறுக்கினால் தீர்ந்தது. ஆனால் டாமில் வேறு வகைப் பிடுங்கல். ஸ்பீச்சின் முதல் பிள்ளை யார் என்று கேட்டால் ஸ்பீக்கர் என்றுதானே நினைப்போம்? கிடையாது. ஸ்பீச் டேகைத் திறந்துவிட்டு அடுத்த வரிக்குப் போக ஒரு தட்டு தட்டியிருக்கிறாரே போசக், அந்தப் புதுவரிதான் முதல் பிள்ளை. கண்ணுக்கே தெரியாத வெற்றிடம் ஒரு முழு நோடாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். மைக்ரோசாஃப்டின் எம்எஸ்எக்ஸ்எம்எல் நாமாகக் கேட்டால் ஒழிய இந்த வெற்றிடங்களைத் தள்ளிவிடும். மொஸில்லா பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஒரே ஸ்கிரிப்ட் ஒரு பிரவுசரில் பேசுகிறவர் பெயரையும் இன்னொன்றில் வெறும் இடைவெளியையும் தந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து ஸ்கிரிப்டுகளில் ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது பிள்ளை என்று ஒற்றைப்படையில் பொறுக்கியிருப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் நம்பர் சொல்லிக் கூப்பிடுவது என்ன வழக்கம்?

நம்பரால் வரும் இன்னொரு வினை, நடந்துகொண்டே நீக்குவது. நாடகத்திலுள்ள மேடைக் குறிப்புகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று வையுங்கள். டேக் பெயரைச் சொல்லி டாமிடம் கேட்டால் ஒரு பட்டியல் தரும். அது உயிருள்ள பட்டியல். மரத்தில் ஒன்று குறைந்தால் அந்தக் கணமே அதிலும் குறையும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருவர் இலை எண்ணிக்கொண்டே வருகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் இலைக்காரர் சாப்பிட்டு எழுந்துவிட, வரிசை முழுவதும் ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிட்டது. பரிமாறுகிறவர் அது தெரியாமல் நான்காம் இலைக்குப் போகிறார். இப்போது மூன்றாம் இலையில் வந்து உட்கார்ந்தவருக்குச் சாம்பார் இல்லை. அதேபோல் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று நீக்கிக்கொண்டே போகும் லூப்பில் ஒன்றுவிட்டு ஒன்று தப்பிவிடும். ஓடி முடிந்த பிறகு பார்த்தால் பாதி மேடைக் குறிப்புகள் அப்படியே இருக்கும். எலிமென்ட்ட்ரீயின் ஃபார் லூப்புக்குள் ரிமூவ் எழுதினாலும் இதே கதி. பட்டியலில் ஏதாவது இருக்கிற வரைக்கும் முதலாவதையே நீக்கிக்கொண்டிரு என்று எழுதுவது சிலருக்குப் பிடிக்கும். கச்சிதம்தான், ஆனால் ஒன்றே ஒன்றை விட்டுவைக்கத் தீர்மானித்தால் அந்த லூப் விடிய விடிய அதையே பார்த்துக்கொண்டு நிற்கும். கடைசி இலையிலிருந்து பின்னோக்கி வருகிறவரைத்தான் நான் நம்புவேன். எழுந்து போகிறவர்கள் அவர் தாண்டி வந்த பக்கத்தை மட்டுமே கலைக்கிறார்கள்.

டாமின் இரண்டாம் நிலை 2000 நவம்பரில் வந்தபோது, மரம் சுற்றுவதற்கென்றே இரண்டு கருவிகள் கூட வந்தன: நோட்இட்டரேட்டர், ட்ரீவாக்கர். இவற்றை எல்லாப் பிரவுசரும் வைத்திருக்கிறது. பெரும்பாலோர் எட்டிப் பார்ப்பதில்லை. ட்ரீவாக்கரிடம் ஒரு வடிகட்டி ஃபங்ஷனைக் கொடுத்தால், எதிர்ப்படும் ஒவ்வொரு நோடைப் பற்றியும் அதனிடம் கேட்கும். பதில் மூன்றில் ஒன்று. 'ஆக்செப்ட்' என்றால் எடுத்துக்கொள். 'ஸ்கிப்' என்றால் இது வேண்டாம், இதன் பிள்ளைகளைப் பார்க்கலாம். 'ரிஜெக்ட்' என்றால் குடும்பத்தோடு வேண்டாம். ஸ்டேஜ்டிர், ஸ்பீக்கர், டைட்டில் மூன்றுக்கும் ரிஜெக்ட், மற்ற எலிமென்டுகளுக்கு ஸ்கிப், எழுத்துக்கு ஆக்செப்ட். ஆக்டுகளைச் சுற்ற இதைக் கொடுத்தால் வசனம் மட்டும் வடிந்து வரும். நோட்இட்டரேட்டர் வேறு ஜாதி. அது மரத்தை மரமாகப் பார்ப்பதில்லை, நீட்டிப் போட்ட வரிசையாகப் பார்க்கிறது; அதற்குக் குடும்பம் கிடையாது என்பதால் ஸ்கிப்பும் ரிஜெக்டும் ஒன்றுதான். அதற்குப் பதிலாக ஒரு நிதானம் அதனிடம் உண்டு: நின்றுகொண்டிருக்கும் நோடையே காலடியிலிருந்து உருவினாலும் விழாமல் பக்கத்து இடத்துக்கு நகர்ந்து நின்றுகொள்ளும்.

லூப்பே எழுத மாட்டேன் என்கிறவர்களுக்கு எக்ஸ்பாத். ஜேம்ஸ் கிளார்க்கும் ஸ்டீவ் டிரோஸும் தொகுத்து 1999 நவம்பர் 16 அன்று வெளிவந்தது. ஒரு நோடில் நின்றுகொண்டு 13 திசைகளில் பார்க்க அது வழி செய்கிறது. அவற்றில் ஐந்தை நான் தனியாகவே ரசிப்பேன்: தான், தன் முன்னோர், தன் வழித்தோன்றல்கள், ஆவணத்தில் தனக்கு முன்னால் முடிந்தவை, பின்னால் தொடங்குபவை. மரத்தில் எந்த நோடில் நின்று பார்த்தாலும் இந்த ஐந்தும் சேர்ந்து மொத்த மரத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். எதுவும் விடுபடாது, எதுவும் இரண்டு பங்கில் வராது. ஆனால் பண்புகள் இந்தப் பங்கில் சேர்த்தி இல்லை. அதுகளின் நிலைமை விசித்திரம். ஒரு பண்பைக் கேட்டால் எலிமென்ட்தான் தன் பெற்றோர் என்று சொல்லும். எலிமென்டைக் கேட்டால் அப்படி ஒரு பிள்ளையே எனக்கு இல்லை என்று சொல்லும். விதிநூலிலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது.

எக்ஸ்பாத்தின் சுருக்கம் சில சமயம் ஆளைக் கவிழ்க்கும். இரண்டு சாய்கோடு போட்டு, லைன் என்று எழுதி, சதுர அடைப்புக்குள் 1 போட்டால் நாடகத்தின் முதல் அடி வரும் என்று எதிர்பார்ப்போம். வருவது ஒவ்வொரு ஸ்பீச்சின் முதல் அடியும். அந்த 1 ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியாகப் போய் எண்ணுகிறது. சாய்கோட்டிலிருந்து லைன் வரை ஒரு வளைவு அடைப்புக்குள் போட்டு, அதற்கு வெளியே 1 போட்டால்தான் நாம் கேட்டது கிடைக்கும். தவறிப் போட்டது என்றாலும், ஸ்பீச்சுகளின் முதல் அடிகளை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு போவது நல்ல பொழுதுபோக்கு. யார் யார் எப்படிப் பேச்சைத் தொடங்குகிறார்கள் என்று ஷேக்ஸ்பியரிடம் வேறு யாரும் கேட்டிருப்பார்களோ என்னவோ.

இதுவரை சொன்னதெல்லாம் மரம் முழுக்க நினைவகத்தில் நிற்கும்போது. ஹாம்லெட் சின்னக் கோப்பு, நிற்கும். தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, யாரும் இறக்கிக்கொள்ளலாம். 'மீடியாவிக்கி' என்ற வேரின் கீழ் 'பேஜ்', 'பேஜ்', 'பேஜ்' என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதளம். ஒவ்வொரு பேஜுக்குள்ளும் தலைப்பு, ஓர் எண், ஒரு 'ரிவிஷன்', அதற்குள் கட்டுரை. இதற்கு மரம் கட்டுவது அநியாயம். டேவிட் மெகின்சன் முன்நின்று உருவாக்கி 1998 மே மாதம் வெளிவந்த சாக்ஸ், மரமே கட்டாமல், டேக் திறந்தது, எழுத்து வந்தது, டேக் மூடியது என்று காதில் சொல்லிக்கொண்டே போகும். எங்கே இருக்கிறோம் என்பதை நாம்தான் ஸ்டாக் ஒன்றில் குறித்துக்கொண்டு வர வேண்டும். திறமைசாலிகளின் ஆட்டம், எனக்குப் பொறுமை போதாது. எலிமென்ட்ட்ரீயின் 'இட்டர்பார்ஸ்' நடுவழி. மரத்தைக் கட்டிக்கொண்டே வரும், கட்டி முடித்த கிளையை நம் கையில் கொடுக்கும்.

அதிலும் முன்னால், பின்னால் விவகாரம் திரும்ப வருகிறது. பேஜ் திறக்கும் கணத்தில் எட்டிப் பார்த்தால் உள்ளே தலைப்பு வந்திருக்கும் என்று உறுதியில்லை. சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. மூடும் கணத்தில்தான் தொட வேண்டும். வேலை முடிந்த பேஜைக் 'க்ளியர்' செய்தால் நினைவகம் காலியாகும் என்று நினைப்போம். உள்ளே இருந்தவைதான் போகும். காலிக்கூடுகளை வேர் ஒவ்வொன்றாக எண்ணி வைத்துக்கொண்டிருக்கும். முதல் நிகழ்விலேயே வேரைப் பிடித்து வைத்துக்கொண்டு, பேஜ் முடியும்போதெல்லாம் வேரையே க்ளியர் செய்கிறவர் கை தேர்ந்தவர். பேஜ் என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காமல் லூப் ஒரு தடவையும் சுற்றாமல் முடிந்துவிடுவதும் வழக்கம். விக்கிப்பீடியா கோப்பின் டேகுகளுக்கெல்லாம் நேம்ஸ்பேஸ் என்ற நீளமான முகவரி உண்டு. எலிமென்ட்ட்ரீ அதைச் சுருள் அடைப்புக்குள் முழுசாக எழுதி, பிறகுதான் பேஜ் என்று சொல்லும். இப்படி எழுதும் முறைக்குக் கிளார்க் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பெர்ல்காரர்கள் இந்த நடுவழியை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மிஷெல் ரோட்ரிகஸ் எழுதிய 'எக்ஸ்எம்எல் ட்விக்' முழு மரத்தையும் விட்டுவிட்டுச் சுள்ளி சுள்ளியாகக் கையில் தரும். பேஜ் என்ற பெயருக்கு எதிரே ஒரு ஃபங்ஷனை எழுதி வைத்துவிட்டால், ஒவ்வொரு பேஜும் முழுதாக வளர்ந்ததும் அந்த ஃபங்ஷனின் முன்னால் வந்து நிற்கும். வேலை முடிந்ததா, 'பர்ஜ்'. பெர்ல் எழுதி வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் அந்த ஒரு மாட்யூலுக்காக மனசு போகும்.

டேக் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எக்ஸ்எம்எல்லின் 1998 முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்கு இடம் இருந்தது. நாடகம், அங்கம், காட்சி, அடி என்று டேக் போட்டு ஒரு கூத்துப் பிரதியை எழுதி, இதே லூப்புகளை அதில் ஓடவிடலாம், ஓடும். ஆனால் பெயரில் வரக்கூடிய எழுத்துகளின் பட்டியல் அன்றைய யூனிகோடை வைத்துத் தயாரானது. 2005-இல் யூனிகோடுக்குள் வந்த 'ஶ' அதில் இல்லை. ஆய்தத்தைத் துணைக்குறிகளோடு சேர்த்துவிட்டதால் பெயரின் நடுவில் வரலாம், முதலில் வரக் கூடாது. 2008 நவம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தக் கட்டுகளைத் தளர்த்தியது. ஜேம்ஸ் கிளார்க் எழுதிய எக்ஸ்பாட் பார்சர் இன்றும் நான்காம் பதிப்பைத்தான் பின்பற்றுகிறது; எலிமென்ட்ட்ரீ ஓடுவது அதன் முதுகில். லிப்எக்ஸ்எம்எல்2 என்ற இன்னொரு பார்சர் பின்பற்றுவது ஐந்தாம் பதிப்பை. பைத்தானின் இன்னொரு எக்ஸ்எம்எல் கருவியான எல்எக்ஸ்எம்எல் ஓடுவது அதன் முதுகில். ஆகவே 'ஃபைல்' என்று ஒரு டேக் வைத்தால் எல்எக்ஸ்எம்எல் ஏற்றுக்கொள்ளும், எலிமென்ட்ட்ரீ கோப்பையே திறக்க மறுக்கும். 'கோப்பு' என்று வைத்தால் இரண்டுக்கும் ஆட்சேபணை இல்லை.